குளிர்மேல் போட்ட பழி

2004 சித்திரையில் பிராங்கிளினும் அவன் மனைவி ஷைனியும் கனடாவை ஒரேயடியாக விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்கியபோது காலை வெயிலே நடைமேடையைச் சுட்டுக்கொண்டிருந்தது. பிராங்கிளின் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, கூரை இல்லாத பக்கமாகப் போய் வெயிலில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். கூட்டிப் போக வந்திருந்த தம்பி கஸ்பாருக்குச் சிரிப்பாக இருந்தது.

"என்னண்ணே, இப்பிடி வெயில்ல போயி நிக்கிற? மண்டை காஞ்சிரும்."

"காயட்டும்டா. அஞ்சு வருசமா ஊறிக் கெடக்கு."

சொல்லிவிட்டு அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. வேலையை விட்டது சரிதான், வீட்டைக் காலி செய்தது சரிதான் என்று ஷைனி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் இருந்த ஊர் வின்னிபெக். வருடத்தில் பாதி நாள் அங்கே பனிதான். ராத்திரி காரை நிறுத்தினால் எஞ்சின் உறையாமலிருக்க அதற்கும் ஒரு கரண்ட் ஒயர் மாட்டிவைக்க வேண்டும். வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக் குத்தும். மார்கழியில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஷைனிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. திண்டுக்கல்லில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்திய பிராங்கிளினின் படிப்பு அங்கே செல்லவில்லை. ஒரு பெரிய கடையின் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கினான்.

அங்கே நம் ஆட்கள் கூடினால் முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் குளிராகத்தான் இருக்கும். ஷைனியோடு வேலை பார்த்த கேரளத்து லீலாம்மா அதைத் தன் மாமியாரைத் திட்டுவதுபோல் திட்டுவாள். பொங்கல் விழா ஒன்றில் எல்லோரும் அப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பிராங்கிளினின் தோளைத் தொட்டு, "தம்பி, இந்தக் குளிருக்கு ஒரு கோட்டுப் போட்டாக் காணும். நாங்கள் விட்டுட்டு வந்ததுக்குக் கோட்டு இல்லை" என்றார். பிராங்கிளின் தலையாட்டினான்.

ஷைனிக்கு அந்தக் குளிர் பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை. அவள் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல் பேகம்பூருக்கு அந்தப் பக்கம், தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. சோற்றில், தலையணையில், பள்ளிக்கூடச் சீருடையில் எல்லாவற்றிலும் பச்சைத் தோலின் வாடை இருக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். வின்னிபெக்கில் முதல் பனி விழுந்த அன்று வேலை முடிந்து வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காற்றுக்கு எந்த வாடையும் இல்லை. அலம்பிக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தது உலகம். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் உறைந்த ஆற்றின்மேல் தனியாக நடப்பாள். கன்னம் மரத்துப்போகும்வரை நடந்துவிட்டு வீட்டுக்கு வருவாள். வீட்டில் பிராங்கிளின் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பான்.

"குளிர் ஷைனி. எலும்புக்குள்ள போயிருச்சு" என்பான்.

முதல் இரண்டு வருடம் சமாளித்தான். மூன்றாவது குளிர்காலத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினான். குளிப்பது நின்றது. பிறகு பேச்சும் குறைந்தது. அங்கிருந்த டாக்டர், வெயில் படாத ஊர்களில் சிலருக்கு இப்படி ஆகும் என்று சொல்லி, முகத்துக்கு நேராக வைத்துக்கொள்ள ஒரு வெளிச்சப் பெட்டியும் மாத்திரையும் கொடுத்தார். கோடையிலும் அவன் தெளியவில்லை என்பதை ஷைனி கவனித்தாள். கேட்டால், "அடுத்த குளிர் வருதுல்ல" என்பான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் ஒருத்தி சந்தோஷமாக நடந்துவிட்டு வருகிற அதே குளிர் இன்னொருவனைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குக் குற்றவுணர்வாக இருந்தது. கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"ஊருக்கே போயிரலாங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "நெசமாவா?" என்று குழந்தைபோல் கேட்டான். பயணத்துக்கு முந்தின நாள் அவள் கடைசியாக ஒருமுறை ஆற்றுக்குப் போனாள். பனி உருகத் தொடங்கியிருந்ததால் உள்ளே இறங்க விடவில்லை. கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

பிராங்கிளினின் வீடு திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் இருந்தது. பின்னால் கொஞ்சம் தென்னை, ஒரு பாத்தி மல்லிகை. அம்மா அல்போன்சா, ஓய்வு பெற்ற ஆசிரியை. மகன் வந்த முதல் இரண்டு மாதம் அந்த வீட்டில் திருவிழாதான். விடியற்காலையில் எழுந்து தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கஸ்பார் நடத்திய ஜெராக்ஸ் கடைக்குப் போய் உட்கார்ந்தான். பழைய மாணவர்களைப் பிடித்து அவர்கள் தம்பி தங்கைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தான். கத்திரி வெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, இவன் மொட்டைமாடியில் சட்டையில்லாமல் உலாத்தினான்.

"பாத்தியா, வெயில் பட்டதும் எம்புள்ளை தெளிஞ்சிட்டான்" என்றாள் அல்போன்சா.

ஆடி பிறந்தபோது ஒருநாள் டியூஷன் பிள்ளைகள் வந்து காத்திருந்தார்கள். அவன் அறையைவிட்டு வரவில்லை. தலைவலி என்றான். மறுநாளும் தலைவலி. பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டான். பிள்ளைகள் சில நாள் வந்து பார்த்துவிட்டு வேறு ஆசிரியரிடம் போனார்கள். வெளியே அம்மிக்குழவியைத் தொட முடியாத வெயில். உள்ளே அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், வின்னிபெக்கில் படுத்திருந்ததுபோலவே, முழங்காலை மடக்கிக்கொண்டு.

அறை வாசலில் நின்று அதைப் பார்த்தபோது, இது குளிர்தானா என்று ஷைனிக்குச் சந்தேகம் வந்தது.

அல்போன்சாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "அஞ்சு வருசக் குளிரு ரெண்டு மாசத்துல எறங்கிருமா? இன்னும் உடம்புக்குள்ளதான் கெடக்கு" என்று நல்லெண்ணெயும் மிளகும் காய்ச்சித் தலைக்கு ஊற்றினாள். கொள்ளு ரசம் வைத்தாள். "எந்திரி அப்பு, செத்த நேரம் வெளிய வந்து உக்காரு" என்று கெஞ்சினாள். ஷைனி அவனை மதுரைக்குக் கூட்டிப் போய் மனநல டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது ஊரைப் பொறுத்த வியாதி இல்லை, நீண்ட நாள் மருந்து சாப்பிட வேண்டும் என்றார். மாத்திரையை நாலு நாள் சாப்பிட்டான். பிறகு அல்போன்சா, "என் மகன் பைத்தியமா?" என்று அழுது அதை எடுத்து வைத்துவிட்டாள். அவனும் கேட்கவில்லை.

டிசம்பரில் லீலாம்மா போன் செய்தாள். ஆறு உறைந்துவிட்டதாம். "நீ இல்லாதே ஆரு அவிடே நடக்கும்?" என்று கிண்டல் செய்தாள். ஷைனி சிரித்தாள். அங்கே எவ்வளவு பனி, எந்த மட்டத்துக்கு விழுந்திருக்கிறது என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் அல்போன்சா நின்றுகொண்டிருந்தாள்.

"புருசனைக் கொல்லுற குளிருன்னு தெரிஞ்சும் அதப் பேசுறப்ப மூஞ்சி எப்பிடிப் பூக்குது ஒனக்கு."

"அத்தை, அப்பிடியெல்லாம் இல்ல."

"அன்னைக்கே கூட்டியாந்திருந்தா எம்புள்ளை பொழைச்சிருப்பான். நீ பனியில ஆடிக்கிட்டு இருந்திட்ட."

அறைக்குள் இருந்த பிராங்கிளினுக்கு இது கேட்டிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அல்போன்சா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். ஷைனி கொல்லையில் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. செருப்பும் இல்லை. தோப்பில் தேடினாள். கடைசியில் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓடிப்போய்க் கஸ்பாருக்கு போன் போட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கஸ்பாரைத் தெரியாதவர்கள் கிடையாது. அரைமணி நேரத்தில் செய்தி வந்துவிட்டது. கொடைக்கானல் வண்டியில் பிராங்கிளின் ஏறி உட்கார்ந்திருந்ததை ஒரு கண்டக்டர் பார்த்திருக்கிறார்.

"கொடைக்கானலுக்கா? எதுக்கு மதினி?" என்று கஸ்பார் கேட்டான். ஷைனிக்குத் தெரியவில்லை. கஸ்பாரின் சிநேகிதர் ரஹ்மத்துல்லா வேன் ஓட்டுகிறவர். சவாரியை வேறு ஆளுக்கு விட்டுவிட்டு உடனே வந்தார். வேன் செம்பட்டியைத் தாண்டியது. பிறகு ரஹ்மத்துல்லாதான், "பயப்படாத தங்கச்சி. பஸ்ஸுல போற மனுசன் எங்கயோ போகணும்னுதானே போறாரு" என்றார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஏற ஷைனி ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மேலே மதியத்துக்கே மேகம் இறங்கியிருந்தது. வேன் கதவைத் திறந்து இறங்கிய கணத்தில் குளிர் அவள் முகத்தில் அடித்தது. உடம்பு தன்னையறியாமல் நிமிர்ந்தது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு உள்ளே போனது. ஒரு நொடிதான். எங்கே, எதற்கு வந்திருக்கிறோம் என்பது மறந்து அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. அடுத்த நொடி அந்த ஆனந்தத்தை நினைத்துக் கூசிப்போனாள்.

கடைகளில் விசாரித்துக்கொண்டே போனார்கள். ஏரிக்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் பிராங்கிளின் உட்கார்ந்திருந்தான். வீட்டில் போடும் அரைக்கைச் சட்டை. உதடு நீலம் பாரித்திருந்தது. தாடை கிடுகிடுவென்று ஆடியது. ரஹ்மத்துல்லா ஓடிப்போய் ஒரு சால்வை வாங்கிவந்து அவன்மேல் போர்த்தினார். பிறகு கஸ்பாரைக் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனார். ஷைனி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இங்க எதுக்கு வந்தீங்க?"

சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "குளிருதா இல்லையான்னு பாக்க வந்தேன்" என்றான்.

"ஒங்களுக்குத்தான் ஆகாதே."

"ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்." பல் கிட்டியதால் வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. "அங்க படுத்துக் கெடக்கையில, இது குளிருனாலன்னு சொல்லுவேன். நீயும் நம்புவ. ஊருக்குப் போனாச் சரியாயிரும்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புலதான் தெனம் கண்ணு முழிப்பேன். இப்ப ஊருக்கும் வந்தாச்சு ஷைனி. இனி எங்க போறது?"

அவள் அவன் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"இங்க வந்து குளிருச்சுன்னா, அதேதான், அந்தக் குளிருதான் காரணம்னு மறுபடி நம்பலாம்னு பாத்தேன். நல்லாத்தான் குளிருது. நம்பத்தான் முடியல."

"மருந்து சாப்பிட்டாச் சரியாகுங்க. டாக்டர் சொன்னாருல்ல."

"நீ அங்கயே இருந்திருக்கலாம். ஒனக்குப் புடிச்சிருந்துச்சு. ஜன்னல் வழியா நீ நடந்து வாரதப் பாப்பேன். எனக்காக ஒன்னையும் இழுத்தாந்துட்டேன்."

தனக்குப் பிடித்தது அவனுக்குத் தெரியாது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் அழவில்லை. அவள்தான் அழுதாள்.

அன்றைய குளிர் அவன் நெஞ்சில் இறங்கிச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தியது. கிறிஸ்துமஸ் அன்று அவன் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தான். காய்ச்சல் குணமானது. மற்றது குணமாகவில்லை. மதுரை டாக்டரின் மருந்தை இந்த முறை ஷைனி யார் சொல்லையும் கேட்காமல் தன் கையாலேயே கொடுத்தாள். சில வாரம் எழுந்து நடமாடுவான், சாப்பாட்டுக்கு வந்து உட்காருவான், வெஞ்சனத்தில் உப்புக் குறைவு என்றுகூடச் சொல்வான். அவள் நம்பத் தொடங்கும்போது மறுபடி படுத்துவிடுவான். டாக்டர் மருந்தை மாற்றினார். மறுபடியும் மாற்றினார்.

ஷைனி ஊருக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கனடாவுக்குத் திரும்பிப் போவதென்றால், அந்த நாட்டுக் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு ஒரு கெடு இருந்தது. அந்தக் கெடு கழிந்த நாளில் அவள் டூட்டியில் இருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. லீலாம்மாவின் போன் வந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னாள். இரண்டு மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு அந்தப் போனும் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அல்போன்சா இப்போதும், "கனடாக் குளிருதான் எம்புள்ளைய இப்பிடி ஆக்கிருச்சு" என்பாள். ஷைனி மறுப்பதில்லை. அந்த வயதில் அவளுக்கும் ஏதாவது ஒன்றின்மேல் பழியைப் போட வேண்டியிருந்தது.

2008 மாசியில், பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாள் தன் மகள் நாகஜோதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி மாதம் ஒன்றுதான் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு டொரண்டோவில் கம்ப்யூட்டர் வேலை. அடுத்த வாரம் கிளம்புகிறார்கள்.

"அக்கா, குளிரு எப்பிடி இருக்கும்? எனக்கு நெனச்சாலே பயமா இருக்கு" என்றாள் நாகஜோதி.

ஷைனி பொறுமையாகச் சொன்னாள். கோட்டு இங்கே வாங்காதே, அங்கே போய் வாங்கு. உள்ளுக்குள் ரெண்டு அடுக்காகப் போடு. காதை மூடாமல் வெளியே போகாதே. வழுக்காத பூட்ஸ் முக்கியம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பெண் கண்கள் விரிய, "அம்புட்டுப் பனிய நேர்ல பாத்திருக்கீங்க. ஒங்களுக்குப் புடிச்சிருந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

கூடத்தில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த அல்போன்சாவின் கை நின்றது. உள்ளறையில் கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. பிராங்கிளின் திரும்பிப் படுத்திருப்பான்.

"இல்லம்மா. எனக்கும் புடிக்கல" என்றாள் ஷைனி.

சொன்ன பிறகு அது பொய்யா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். தெரியவில்லை. காபி போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.