சந்திரக் கணக்கில் ஒரு நேர்காணல்

அரசியல் சட்ட நாளன்று காலையில் சுரோஜ் குருங்கின் கையில் முப்பத்தைந்து நாட்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குள் அது ஒரே நாளாகச் சுருங்கிவிட்டது.

காலையில் மாமனார் மான்சிக் வழக்கம்போல வாசல் கம்பத்தில் கொடி கட்டினார். சுவர்க் காலண்டரில் அன்றைய தேதி கறுப்பு. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த நாள்தான். பிறகு அரசாங்கம் விடுமுறையை எடுத்துவிட்டுக் கொடியை மட்டும் விட்டுவைத்தது. லீவே இல்லாத நாளுக்கு எதற்குக் கொடி என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். லீவைத்தானே எடுத்தார்கள், சட்டத்தை எடுக்கவில்லையே என்று சொல்லிவிட்டு மான்சிக் பசுமைக் குடிலுக்கு நடந்தார். கொரியர்கள் இறைச்சியைச் சுற்றித் தின்னும் கென்னிப் இலைக்குச் சிவப்பு நாளும் தெரியாது, கறுப்பு நாளும் தெரியாது. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும்.

மிர்யாங் ஊருக்கு வெளியே அவருக்கு ஏழு குடில்கள். சுரோஜ் ஒன்பது வருடங்களுக்கு முன்பு நேபாளத்திலிருந்து அங்கே கூலியாளாக வந்தான். நான்காம் வருடம் முதலாளியின் மகள் ஹேரிமைக் கட்டிக்கொண்டான். போன ஆகஸ்டில் ஹேரிம் இறந்துபோனாள். வயது முப்பத்தொன்று. அதன் பிறகு அந்த வீட்டில் மாமனாரும் மருமகனும் மட்டும்.

குடியுரிமைக்கு மனுப் போட்டது அவள் இருந்தபோது. நேர்காணலுக்குக் கூப்பிட்டது அவள் போய் மூன்று வாரம் கழித்து. சுரோஜ் போய் உட்கார்ந்தான். நாட்டின் அதிகாரம் யாரிடமிருந்து பிறக்கிறது என்று கேட்டார்கள். பதில் தெரியும். வாய் திறக்கவில்லை. தேசிய கீதம் பாடச் சொன்னார்கள். அதற்கும் திறக்கவில்லை. எழுந்து வந்துவிட்டான். ஒரு மனுவுக்கு இரண்டு வாய்ப்புதான். இதையும் விட்டால் மனு தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி வருடக்கணக்கில் காத்திருப்பு.

அதனால் இந்த முறை தவறக்கூடாது என்று தேதியைப் போனிலேயே போட்டு வைத்திருந்தான். ஆகஸ்ட் இருபத்தொன்று, காலை பத்து மணி.

மதியம் பன்னிரண்டு மணிக்கு இலை கட்டும் கொட்டகையில் போங்சுன் சித்தி அந்தத் தேதியைக் கேட்டாள். அறுபது வயதைத் தாண்டியவள். பதினைந்து வருடமாக அங்கே இலை அடுக்குகிறவள்; சொந்தமில்லை, எல்லாருக்கும் சித்தி. அவன் இல்லாத அன்றைக்கு மாற்று ஆளுக்குச் சொல்லி வைக்க வேண்டுமாம். அவன் இரண்டு கையிலும் இலை இருந்ததால் போனை மோவாயால் காட்டினான். சித்தி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஆகஸ்ட் இருபத்தொண்ணு. பக்கத்துல பொடி எழுத்துல என்னமோ இருக்கே. சந்திரக் கணக்கு, ஏழாம் மாசம், பதினெட்டு." கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். "ஏன் தம்பி, கவர்மென்ட் ஆபீஸ்ல எப்பலேருந்து சந்திரக் கணக்கு பாக்குறாங்க? நேர்காணலா, உனக்கு ஜாதகம் பாக்கக் கூப்பிட்டிருக்காங்களா?"

சுரோஜ் இலையைக் கீழே வைத்தான். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். பழைய குறுஞ்செய்திகளில் தேடினான். குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்தது கிடைத்தது. ஏழாம் மாதம், பதினெட்டாம் தேதி, காலை பத்து மணி. சந்திரன் என்று ஒரு சொல் அதில் இல்லை.

அன்றைய தேதி ஜூலை பதினேழு.

எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஹேரிமின் வருட நினைவு நாளை எந்தக் கணக்கில் வைப்பது என்று மே மாதம் பேச்சு வந்தது. நம் வீட்டு நாளெல்லாம் சந்திரக் கணக்குதான், அவளுக்கும் அப்படியே இருக்கட்டும் என்றார் மான்சிக். அதுவரை வீட்டின் எல்லாத் தேதிகளையும் போட்டு வைத்தவள் ஹேரிம். அவளுக்கான தேதியைத்தான் சுரோஜ் முதன்முதலாகத் தானே போட்டான். சூரியனிலிருந்து சந்திரனுக்கு மாற்றினான். வருடா வருடம் என்று அழுத்தினான். எதுவரைக்கும் என்று போன் கேட்டது. முடிவில்லை என்று அழுத்தினான். அந்தச் சாயங்காலமே அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. அதையும் அதே கையோடு போட்டான். போன் சந்திரனிலேயே நின்றுகொண்டிருந்தது.

நேபாளத்தில் அவன் பிறந்த வருடம் இரண்டாயிரத்து நாற்பத்தேழு. அங்கே கணக்கே வேறு. இங்கே வந்த புதிதில் எதிர்காலத்திலிருந்து வந்தவன் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். மூன்று கணக்கையும் மனசுக்குள்ளேயே மாற்றத் தெரிந்தவன் அவன். ஒரு நாளும் பிசகியதில்லை. இந்த ஒரு தடவை போனை நம்பினான்.

மான்சிக்கிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. குடிலின் பக்கவாட்டுத் திரையைச் சுற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர், அதை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். நாளைக்குத்தானே, நேற்று இல்லையே என்றார்.

அன்று பிற்பகல் முழுக்கக் கொட்டகையிலேயே பாடம் நடந்தது. இலையைப் பத்துப் பத்தாக அடுக்கிக் கட்டிக்கொண்டே போங்சுன் சித்தி கேள்விப் புத்தகத்திலிருந்து கேட்டாள். பாதிக்கு அவளுக்கே விடை தெரியவில்லை. நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் என்றாள். முந்நூறு என்றான். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அட, சரிதான் என்றாள். அத்தனை பேரில் ஒருத்தர்கூட நம் கொட்டகைப் பக்கம் வந்ததில்லையே என்று மான்சிக் ஆச்சரியப்பட்டார். தேசிய கீதத்தை மூன்று தடவை பாட வைத்தார்கள். அவன் சரியாகத்தான் பாடினான். மான்சிக்தான் இரண்டாம் பத்தியில் வரி மாறிப் பாடினார். இவரை அனுப்பினால் ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள் என்றாள் சித்தி.

மறுநாள் காலை ஏழு நாற்பது ரயில். சுரோஜ் வெளியே வந்தபோது மான்சிக் கோட்டும் டையுமாக வாசலில் நின்றார். இலை பறிப்பதை யார் பார்ப்பது என்று கேட்டான். சித்தி பார்த்துக்கொள்வாள் என்றார். ரயிலடிவரை ஒன்றும் பேசவில்லை. இருவருக்கும் அது பழக்கம்தான். பதினோரு மாதமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். உப்பு, மழை, இலை விலை தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

ரயில் ஆற்றை ஒட்டிப் போனது. மான்சிக் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்காம வெச்சிருந்தேன்."

"கேளுங்க மாமா."

"இதெல்லாம் எனக்காகப் பண்றியா?"

சுரோஜ் திரும்பி அவரைப் பார்த்தான்.

"எனக்காகன்னா வேணாம். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிடலாம். அவ இல்ல. எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. இதை வாங்கினா உன் ஊர்க் குடியுரிமையை நீ விட்டாகணும். நாளைக்கு நானும் போய்ச் சேந்துட்டா, இங்க யாருக்குன்னு உக்காந்திருப்ப?"

இந்தக் கேள்வியைச் சுரோஜும் தன்னிடம் கேட்டதில்லை. கேட்டால் விடை இல்லாமல் போய்விடுமோ என்று பயந்திருந்தான். இப்போது வேறொருவர் கேட்டதும் பயம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

அவன் தன் ஊரைப் பற்றிச் சொன்னான். அவன் படித்த காலத்தில் அங்கே புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தேதிக்குள் முடித்துவிடுவோம் என்பார்கள். தேதி வரும், தள்ளிப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவன் அப்பா ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பார். அம்மா வந்து, கல்யாண மண்டபத்துக்குக்கூட இத்தனை தடவை தேதி மாத்த விடமாட்டாங்க என்பாள். கடைசியில் சட்டம் வந்தபோது அவன் மிர்யாங்கில் இலை பறித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப உங்க ஊர்ச் சட்டம் நீ இல்லாமத்தான் வந்திருக்கு."

"ஆமா மாமா. உங்க சட்டமும் நான் இல்லாமத்தான் வந்துச்சு." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இங்க வந்தது வெளிநாட்டு வேலைக் குலுக்கல்ல பேரு விழுந்ததால. உங்க குடிலுக்கு வந்தது ஏஜென்ட் அனுப்பினதால. அவ போனதுக்கு யாரும் என்னைக் கேக்கல. இது ஒண்ணுதான் நானா போய் வரிசையில நின்னது. உங்களுக்காக இல்ல. நீங்க கூட வந்தது எனக்குச் சந்தோஷம், அது வேற."

மான்சிக் தலையை ஆட்டினார். அடுத்த ஸ்டேஷன் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து, கடற்பாசியில் சோறு சுருட்டிய கிம்பாப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நடுவில் வைத்தார்.

பூசானில் அலுவலகத்து மூன்றாம் மாடி. பத்து மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. மான்சிக் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு மேஜை, இரண்டு அதிகாரிகள். பேசியது ஐம்பது வயதுப் பெண்மணி. பக்கத்தில் இருந்த இளைஞர் குறிப்பெடுத்தார். அந்த அம்மாள் கோப்பைப் புரட்டினாள். போன தடவை நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று இங்கே எழுதியிருக்கிறதே என்றாள். ஆமாம் என்றான். காரணத்தைக் கேட்டாள். மனைவி இறந்து அப்போது மூன்று வாரம் என்றான். அவள் கோப்பில் ஒரு பக்கம் பின்னால் புரட்டி ஏதோ படித்தாள். அனுதாபமாக எதுவும் சொல்லவில்லை. அது அவனுக்கு உதவியாக இருந்தது.

கேள்விகள் வந்தன. குடியரசுத் தலைவரின் பதவிக் காலம். வரி யார் கட்ட வேண்டும். கொடியின் நடுவில் உள்ள வட்டத்துக்கு என்ன பொருள். எல்லாவற்றுக்கும் சொன்னான். தேசிய கீதம் பாடச் சொன்னார்கள். எழுந்து நின்று பாடினான். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை.

பிறகு அவள், போன தடவை கேட்டதையே கேட்டாள்.

"நாட்டோட அதிகாரமெல்லாம் எங்கேருந்து வருது?"

"மக்கள்கிட்டேருந்து."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. அவள் பேனாவை மூடவில்லை.

"எல்லாரும் இதைச் சொல்லிட்டுப் போயிடுறாங்க. மக்கள்னா யாரு?"

சுரோஜ் தலையைத் திருப்பினான். ஜன்னல் கண்ணாடி வழியாக வராந்தா தெரிந்தது. மான்சிக் பெஞ்சில் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. டை ஒரு பக்கமாக ஒதுங்கித் தோளில் கிடந்தது.

"அதோ, வெளியில தூங்கிட்டு இருக்காரே, அவர். என் மாமனார்" என்றான். "அப்புறம் நீங்க. இந்த சார்." மேஜைமேல் இருந்த தாளைக் காட்டினான். "நீங்க அந்தத் தாள்ல சரின்னு எழுதினா, நானும்."

இளைஞர் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. திரும்பிக் கண்ணாடி வழியாகத் தூங்குகிறவரைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு தாளில் எதையோ எழுதினாள். முடிவு குறுஞ்செய்தியில் வரும், போகலாம் என்றாள்.

வெளியே வந்து மாமனாரை எழுப்பினான். என்ன கேட்டார்கள் என்றார். உங்களைப் பற்றித்தான் கேட்டார்கள் என்றான். நல்லதாகச் சொன்னாயா என்றார். தூங்குகிறீர்கள் என்று சொன்னேன் என்றான். மான்சிக் அவசரமாக டையைச் சரிசெய்துகொண்டு கண்ணாடிப் பக்கம் ஒரு கும்பிடு போட்டார். உள்ளே அவர்கள் அடுத்த ஆளின் கோப்பைத் திறந்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மழை நாளில் தேர்ச்சி என்று செய்தி வந்தது. போங்சுன் சித்தி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் நம்பினாள். குளிர்காலத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். இருபது பேரோடு நின்று, வலது கையை உயர்த்தி, அரசியல் சட்டத்தையும் சட்டங்களையும் மதித்து நடப்பேன் என்று சுரோஜ் உறுதிமொழி சொன்னான்.

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. ஊருக்குள் தொடக்கப் பள்ளியில் வாக்குச்சாவடி. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மான்சிக் சாப்பாட்டு மேஜையில் தன் ஆளைப் பற்றிப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவர் பேசி முடித்த விஷயத்தைச் சித்தி மறுநாள் கொட்டகையில் தலைகீழாகத் திருப்பிவிடுவாள். இத்தனை வருடத்தில் சுரோஜின் அபிப்பிராயத்தை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அவன் இரண்டு பேரிடமும் ம் போட்டுக்கொண்டிருந்தான்.

காலையிலேயே போய் வரிசையில் நின்றார்கள். திரைக்குப் பின்னால் போய், முத்திரையைக் குத்தி, தாளை மடித்துப் பெட்டியில் போட்டான். திரும்பி நடக்கும்போது மான்சிக் குரலைத் தாழ்த்தி, யாருக்குப் போட்டாய் என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன் மாமா."

அவர் நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து அவருக்கு மாட்டேன் என்று ஒரு சொல் வந்ததில்லை.

"வீட்டுக்குள்ள என்ன ரகசியம்?"

"சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு."

மான்சிக் முன்னால் வேகமாக நடந்தார். கொட்டகைக்குப் போனதும் சித்தியிடம் முறையிட்டார். பிறகு டிராக்டர் பழுது பார்ப்பவரிடம் சொன்னார். இலை ஏற்ற வந்த லாரிக்காரரிடம் சொன்னார். மருமகன் தன்னிடமே மறைக்கிறான், கேட்டால் சட்டம் பேசுகிறான், காலம் கெட்டுவிட்டது என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நான்காவது முறையாகச் சொல்லும்போது மான்சிக்காலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.