பாதமலையில் உப்பு போட்டு எடுத்த பிள்ளை

பாதமலையை மலை என்று சொல்வதே கொஞ்சம் வாய்க்கொழுப்புதான். திருப்பதியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரகடத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டி நிற்கும் பாறைக்குன்று அது, மூச்சு வாங்குவதற்குள் ஏறி முடித்துவிடலாம். ஆனால் உச்சியில் ஒரு பாதம் பதிந்திருக்கிறது. யாருடைய பாதம் என்பதில்தான் சிக்கல். வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் முருகன் கால் ஊன்றிய இடம் என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் வேதக்காரர்கள். தோமையார் பரங்கிமலைக்குப் போகுமுன் இங்கே நின்று செபம் செய்தார் என்பது அவர்கள் கட்சி. எந்தக் காலத்துப் பாதிரியாரோ பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலுவையைக் கொத்திவைத்தார். எந்தக் காலத்துப் பண்டாரமோ அந்தப் பக்கம் முருகனின் வேல் ஒன்றை நட்டார். இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளாததற்குப் பெருந்தன்மை ஒன்றும் காரணமில்லை. உச்சியில் இருப்பது அவ்வளவு இடம்தான், சண்டை என்று வந்தால் யாராவது கீழே விழவேண்டும்.

இரண்டு சாமிக்கும் பொதுவாக ஒரு வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தையைக் கொண்டுபோய் அந்தப் பாதத்தில் கிடத்திவிட வேண்டும். கிடத்திய பிறகு அது மலையின் பிள்ளை, பெற்றவள் தொடக் கூடாது. வேறொருவர் பாதத்தில் உப்பைக் கொட்டி, மலையிடமிருந்து குழந்தையை வாங்கி, வளர்த்துக் கொடு என்று பெற்றவள் கையில் தருவார். பெரும்பாலும் தாய்மாமன்தான் செய்வான். பெண் செய்தால் அவளுக்கு உப்புத்தாய் என்று பெயர். அந்தப் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவதும், கல்யாணத்துக்கு முதல் துணி எடுப்பதும், செத்தால் முதல் மண் போடுவதும் உப்பு போட்டவரின் உரிமை. முதல் மண் விழாத பிள்ளை மலைக்கும் இல்லாமல் வீட்டுக்கும் இல்லாமல் பாறையில் அலையும் என்பார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷத்தில் ஒரு காலைப்பொழுதில் அற்புதமேரிக்கு அந்த முதல் மண்தான் கவலை. அவள் மகன் அமிர்தநாதன் கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் ஜல்லி லாரி ஒன்று சைக்கிளோடு சேர்த்து அடித்துவிட்டது.

"அழுதுடு மேரி, நெஞ்சுக்குள்ளயே வச்சிகினு இருக்காத" என்று பெண்கள் அவளைப் பிடித்து உலுக்கினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. உலுக்கப்படுவது வேறு யாரோ ஒருத்தி என்பதுபோல இருந்தது. காலையில் தண்ணீர் பிடிக்கவில்லையே என்று நினைத்தாள். துணிக்கு வெளியே தெரிந்த பாதத்தைப் பார்த்து, நகம் வெட்டவேண்டும் என்று நினைத்தாள். துக்கம் எங்கோ இருக்கிறது, இன்னும் தன் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை என்று தோன்றியது.

வெளியே அவள் கணவன் லூர்துராஜ் வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான். "கம்பெனி ஒரு பக்கம், வூடு ஒரு பக்கம். ஒரகடம் தாண்டி வல்லக்கோட்ட ரோட்டுல இவனுக்கு இன்னா வேல? ஓவர்டைம், ஓட்டி கீதுன்னுதானே சொல்லிட்டுப் போனான்?"

அற்புதமேரி எழுந்து வாசலுக்கு வந்தாள். "செல்லம்மாளக் கூப்புடணும்" என்றாள்.

"அவ எதுக்கு? சாமியாரு நாலு மணிக்கு அடக்கம்னு சொல்லிட்டாரு. முதல் மண்ணெல்லாம் எந்த வேதத்துல எயுதி கீதுன்னு அவரே கேக்குறாரு."

"நான் போறேன்."

பிணம் கிடக்கும்போது பெற்றவள் வாசல் தாண்டுவதை அந்த ஊர் பார்த்ததில்லை. தடுக்க வந்த கைகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டன. பக்கத்து வீட்டு முனிரத்தினம் சைக்கிள் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாத மனிதர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "குந்து தங்கச்சி" என்றார். கேரியரில் உட்கார்ந்து போனாள்.

செல்லம்மாள் அவர்களுக்கு உறவும் இல்லை, வேதமும் இல்லை. முதல் இரண்டு பிள்ளைகளைக் குழியில் வைத்த பிறகு பிறந்த அமிர்தத்தை, தவசுகால வெள்ளிக்கிழமை ஒன்றில் மலைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே கிருத்திகையும் சேர்ந்துகொண்டதால் உச்சியில் கூட்டம் நெரிந்தது. உப்பு போடவேண்டிய தாய்மாமன் ஆபிரகாம் குன்றத்தூரில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். பாறை சுட்டது. குழந்தை கத்தியது. தொடக் கூடாது என்று அற்புதமேரியின் இரண்டு கையையும் லூர்துராஜின் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். முருகனுக்கு உப்பும் மிளகும் காணிக்கை போட வந்திருந்த செல்லம்மாள், பிள்ளை இல்லாதவள், அதைப் பார்க்கப் பொறுக்காமல் தன் மடியில் இருந்த உப்பைக் கொட்டிக் குழந்தையைத் தூக்கிவிட்டாள். வாங்கியது வாங்கியதுதான், மாற்ற முடியாது.

லூர்துராஜுக்கு அது கடைசிவரை செரிக்கவில்லை. நம் சாமிக்குக் கொடுத்த பிள்ளைக்கு நடுவில் இவள் யார் என்பான். முதல் சோற்றுக்கு அவளைக் கூப்பிடவில்லை. அமிர்தம் கோயிலில் முதல் நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கிய அன்று, எப்படியோ கேள்விப்பட்டு ஒரு சட்டையோடு பந்தலுக்கு வெளியே வந்து நின்றாள். பந்தி முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டான். பந்தி முடியவில்லை. அற்புதமேரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வாயைத் திறக்கவில்லை.

ஒரகடம் தாண்டியதும் ஓரிடத்தில் ரோட்டில் ரத்தக்கறையை மூடி மணல் கொட்டியிருந்தது. முனிரத்தினம் சைக்கிளை ஓரமாக ஒடித்துப் போனார். அற்புதமேரி அந்த மணலைப் பார்த்தாள். மனதில் ஒன்றும் எழவில்லை.

செல்லம்மாள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அற்புதமேரியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் பெற்றவள் அந்த வாசலில் கால் வைத்ததில்லையே.

"அக்கா, அமிர்தம் பூட்டான்" என்றாள் அற்புதமேரி.

செல்லம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்து விழ, மறுபடி எடுத்துச் சாய்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்து கிருத்திக" என்றாள். "கிருத்திகன்னா தவறாம வருவான். நான் ஒருபொழுது வுடறதே அவனுக்குச் சோறு போட்டுத்தான். சின்னப் புள்ளையில இருந்து வரான். வூட்ல சொல்லாத, அப்பா அடிக்கும்னுவான். நேத்து வரல. இருட்டுனப்புறம் யாரோ சொன்னாங்க, நம்ம ரோட்டுல ஒரு பையன் லாரில மாட்டிகினான்னு. நான் போயி பாக்கல. இவன் வந்தா பூட்டின வூட்டப் பாத்துட்டுத் திரும்பிடுவானேன்னு குந்திகினே இருந்தேன்." அற்புதமேரியின் கையைப் பிடித்தாள். "அது இவனா? என்னாண்ட வரும்போதா?"

ஓட்டி, ஓட்டி என்று அவன் சொல்லிவிட்டுப் போன சாயங்காலங்கள் எல்லாம் அற்புதமேரிக்கு விளங்கிவிட்டன. அந்த நாளில் முதன்முதலாக அவளுக்கு ஏதோ உறைத்தது. அது துக்கம் இல்லை, பொறாமை. என் பிள்ளை என்னிடம் பொய் சொல்லிவிட்டு இவள் கையால் தின்றிருக்கிறான், இவளுக்காகவே செத்திருக்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பாரம் முழுவதும் இவள் தலைக்குப் போய்விடும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. எதிரில் இருந்தவள் மூச்சுகூட விடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வேற யாரோ" என்றாள். "இவன் கம்பெனி வாசல்லயே அடிபட்டுட்டான். உம் பக்கமே வரல."

முனிரத்தினம் திரும்பிக்கொண்டு சைக்கிள் செயினைச் சரிபார்த்தார்.

வெகுநேரம் காத்திருந்த பிறகு கிடைத்த பஸ்ஸில் பெண்கள் இருவரும் திரும்பினார்கள். மணல் கொட்டிய இடம் வந்தபோது அற்புதமேரி முன்னால் சாய்ந்து ஜன்னலை மறைத்துக்கொண்டாள். ஒரு பொய்யைக் காப்பாற்றும் வேலை இருந்ததால் இறங்கும் இடம்வரை அவளால் உட்கார முடிந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். சாமியார் செபத்தை முடித்துவிட்டு மண்ணுக்குக் குனிந்தார். "சாமி, கொஞ்சம் இருங்க" என்றாள் அற்புதமேரி. அவர் லூர்துராஜைப் பார்த்தார். லூர்துராஜ் செல்லம்மாளைப் பார்த்தான். அவனிடம் ஒன்றும் சொல்லிவைக்க அற்புதமேரிக்கு நேரம் கிடைக்கவில்லை.

செல்லம்மாள் நேராக அவனிடம் போனாள். பந்தலுக்கு வெளியே நின்ற நாளுக்குப் பிறகு அன்றுதான் அவன் எதிரில் நிற்கிறாள்.

"அண்ணே, கம்பெனி வாசல்லன்னு இவ சொல்றா. எனக்கு மனசு கேக்கல. நீ சொல்லு. என் வூட்டுக்குச் சாப்புட வரும்போது இல்லியே?"

காலையிலிருந்து அவன் வாயால் அந்த ரோட்டின் பெயரைக் கேட்காதவர்கள் அங்கே யாரும் இல்லை. லூர்துராஜ் அவள் முகத்தையே பார்த்தான். இவனுக்கு அங்கே என்ன வேலை என்று ஊரையே கேட்டுக்கொண்டிருந்தானே, அந்த வேலை இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, சும்மா நின்றாள்.

"கம்பெனி வாசல்லதான்மா" என்றான். "உன் ரோட்டுப் பக்கம் அவன் வரவே இல்ல. வா, நீ வந்து போடு."

கையைப் பிடித்துக் குழி ஓரத்துக்கு அழைத்துப் போனான். அவள் இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். "சாப்புடாம பூட்டியேடா" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். பெட்டியின் மேல் மண் விழுந்த சத்தம் அற்புதமேரிக்குக் கேட்டது. அவள் குழி ஓரத்தில் செல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.