டெட்லாக்

ஆறுமுகச்சாமி அண்ணாச்சிக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் அறுக்காவிட்டால் ஆள் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மகன்கள் இருவரும் நின்றார்கள். நடுவில் பக்கத்துக் கடைக்காரன் நான்.

இன்சூரன்ஸ் கார்டு மூத்தவன் சௌந்தரபாண்டியன் பையில்.

"தம்பி சம்மதக் கையெழுத்துப் போடட்டும், கார்டைத் தாரேன். நான் போட்டு அப்பாக்கு ஒண்ணு ஆயிட்டா, அண்ணன்தான் கொன்னாம்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

இளையவன் பேச்சிராஜ் சிரித்தான். "கார்டு மொதல்ல வரட்டும். கையெழுத்தை வாங்கிட்டு, மொத்த பில்லையும் என் தலையில கட்டவா?"

ஜவுளிக் கடையைப் பிரிக்கும் தகராறில் இருவரும் பேசி மூன்று வருஷம். இதையும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

அவர்களுடைய தங்கை பொன்செல்வி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "இது டெட்லாக், அண்ணாச்சி" என்றாள் என்னிடம்.

"திண்டுக்கல் பூட்டா, வேற கம்பெனியா?" என்றான் மூத்தவன்.

"பூட்டு இல்லண்ணே. ரெண்டு புரோகிராம். ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, மத்தது கையில இருக்கதுக்காகக் காத்துக் கெடக்கும். ரெண்டும் விடாது. சத்தம் வராது, தப்புன்னும் காட்டாது. அப்படியே நிக்கும்."

"அப்புறம் எப்படித்தான் தீரும்?" என்றேன் நான்.

"கம்ப்யூட்டரே ஒண்ணைக் கொன்னுரும். எதைக் கொன்னா நட்டம் கம்மின்னு பாத்து."

விளையாட்டாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். "யாராச்சும் ஒருத்தர் விட்டுக் குடுங்கண்ணே."

வியாபாரிகள் காதில் கடைசி வாக்கியமா விழும்? நட்டம் கம்மி என்பதுதான் விழுந்தது. இருவரும் ஒரே சமயத்தில் அப்பா படுத்திருந்த அறைக் கதவைப் பார்த்தார்கள்.

"அப்பாக்கும் எம்பது தாண்டிட்டு" என்றான் மூத்தவன் சுவரிடம், போனுக்கு எட்டாத குரலில்.

"அறுத்தாலும் தாங்க மாட்டாரு, அண்ணே."

அண்ணே! மூன்று வருஷம் கழித்து அந்த வார்த்தை.

"வீட்டுக்குக் கொண்டு போயிருவோம், என்ன?"

"சரிண்ணே."

கூட்டிப்போகவும் கையெழுத்து வேண்டும் என்றாள் நர்ஸ். இருவருமே போட்டார்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"என்ன அண்ணாச்சி, சத்தமே காணோம்? ஆபரேஷனுக்கு எடுத்துட்டாங்களா?" என்று பொன்செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். போனைக் கையில் பிடித்தபடி அவர்கள் பின்னால் போனேன். வாசலில் அண்ணனும் தம்பியும் ஆம்புலன்ஸ்காரனிடம் சேர்ந்து பேரம் பேசியது, போனில் அவளுக்கும் கேட்டிருக்கும்.