சேர்மன் படம் இருந்த சுவர்

“ஒரே ஒரு ஆணிங்க. சின்னதா ஒரு—”

“ஆணி, ஸ்க்ரூ, டேப், எதுவுமே கூடாதுன்னு வாடகை அக்ரிமென்ட்ல—”

“—மாட்டப் போறது என்ன கோயில் மணியா? எங்கப்பா படம்!”

“—தெளிவா எழுதியிருக்குது புள்ள! இது ஹிஸ்டாரிக் பேனல். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபத்தெட்டுல போட்ட வால்நட் மரம்!”

கண்மணி சுத்தியலைச் சோபாவில் போட்டாள். விடிந்தால் அப்பா போய் ஒரு வருஷம். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை அமெரிக்காவை விட்டு நகர முடியாததில், பெருந்துறைக்குப் போய் அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. முதல் வருஷப் படையலையாவது முறையாகப் போட வேண்டும். அதற்குத் தெற்குச் சுவரில் படம் வேண்டும். இந்த வீட்டின் தெற்குச் சுவரோ தரையிலிருந்து கூரை வரை தொடக்கூடாத மரம்.

வீடா இது? ஜெர்சி சிட்டியின் பழைய வங்கிக் கட்டடம், இருபத்திரண்டு மாடி. வங்கி மூடி, வருஷக்கணக்காகப் புறா அடைந்து கிடந்ததைப் போன வருஷம்தான், தொண்ணூற்றெட்டில், அபார்ட்மென்டாக மாற்றினார்கள். அவள் எடிசன் ஊரில் பால்கனியோடு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். அவள் புருஷன் நஞ்சுண்டன் இங்கே லிஃப்டின் பித்தளைக் கதவைப் பார்த்தான், அதோடு சரி. இப்போது விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் கட்டடத்தின் சரித்திரம் வந்துவிடும். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் அவனே இருமிச் சாவான், ஆனால் ஜன்னலைத் திறக்க விடமாட்டான். ஜன்னலும் ஹிஸ்டாரிக்.

“பெட்ரூம்ல மாட்டிக்கலாமே. அது புதுச் சுவர்.”

“செத்தவங்க படத்தப் படுக்கற ரூம்லயா? உங்கம்மா கேட்டா வெளக்கமாத்த எடுப்பாங்க.”

“அப்ப டேபிள் மேல சாய்ச்சு வை.”

“போன வீட்டுல சாய்ச்சு வெச்சுத்தான் விழுந்து கண்ணாடி விரிஞ்சுது. மறுபடியுமா?”

“வியாழக்கிழமை பில்டிங் ஆபீஸ்ல இருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க, கண்மணி. இந்த ரூமோட வேல்யூ உனக்குத் தெரியல. பேங்க் சேர்மனோட ஆபீஸ் இது. அவரோட ஆயில் பெயின்டிங் அம்பது வருஷம் இதே சுவர்ல தொங்குச்சு. அந்த எடம் மட்டும் வெளுக்காம கருப்பா இருக்குது பாரு!”

இதை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுல தொங்குச்சு?”

“எது?”

“அந்தாளு படம். ஆணி அடிக்காம எதுலங்க தொங்குச்சு?”

நஞ்சுண்டன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். கருத்த இடத்துக்கு மேலே, மரத்தோடு மரமாக ஒரு பித்தளைக் கொக்கி. பிடித்து ஆட்டினாள். அசையவில்லை.

“அதத் தொடாத! அந்தக் கொக்கியும் ஹிஸ்டாரிக்!”

“வர்றவங்க கேட்டா இவரும் சேர்மன்தான்னு சொல்லுங்க. பால் சொசைட்டிக்கு எத்தன வருஷம் தலைவரா இருந்தாரு!”

“வெளையாடற நேரமா இது? எறங்கு மொதல்ல.”

படம் சோபாவில், அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கண்மணி நாற்காலி மேல் நின்றபடியே கையை நீட்டினாள்.

“படத்த நீங்க எடுத்துக் குடுக்கறீங்களா, இல்ல நானே எறங்கி வந்து எடுத்துக்கட்டுங்களா?”