நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாவலாசிரியை எர்சிலியா மொந்தாஸின் புத்தகங்கள் தீவு முழுக்கப் பள்ளிகளில் பாடம். பால்மார் ஊருக்கு மட்டும் அவர் இன்னமும் கரும்பாலை அலுவலகத்தில் பதினோரு வருடம் தட்டச்சு செய்தவர்தான்.

எழுபத்தொரு வயதில் அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் ஆலை முதலாளி டான் எவாரிஸ்தோ. புதிய நாவலில் வரும் கொடுமைக்கார முதலாளி தான்தானாம், மானம் போய்விட்டதாம், புத்தகத்தைத் தடை செய்ய வேண்டுமாம்.

"அத்தை, எல்லாம் கற்பனைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்தியானச் சோத்துக்கு வீட்டுல இருக்கலாம்," என்றான் வக்கீலான அண்ணன் மகன் ரமிரோ.

"நீ வாயை மூடிட்டு உட்காருடா."

எர்சிலியாவுக்கு உள்ளூரப் பயம்தான். விசிறியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டான் எவாரிஸ்தோ எழுந்தார். "வெள்ளைக் கோவேறு கழுதை வச்சிருந்தது நான். கால் தாங்கித் தாங்கி நடக்கறது நான். தங்கப் பல்லு எனக்குத்தான். அந்த ஆளு சாட்சாத் நான்தான்!"

நீதிபதி எர்சிலியாவைப் பார்த்தார்.

"ஐயா, நான் பேரே எழுதலை. அவரா வந்து நான்தாங்கறார். சரி. நூத்திப்பன்னிரண்டாம் பக்கத்துல அந்த ஆளு, வேலைநிறுத்தம் பண்ணின மூணு கரும்பு வெட்டறவங்களைச் சுட்டுக் கிணத்துல போடறான். கழுதை வரைக்கும் இவரு, கிணத்துக்கு மட்டும் வேற ஆளா? கேட்டு எழுதிக்குங்க."

டான் எவாரிஸ்தோவின் வக்கீல் அவசரமாக எழுந்து, வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார்.

பின்வரிசையில் நிகாசியா எழுந்தாள். வேலைநிறுத்தத்தில் அவள் புருஷன் காணாமல் போய் முப்பது வருடம்.

"வாபஸ் வாங்கட்டும். கிணறு எங்க இருக்கு? அதைச் சொல்லச் சொல்லுங்க."

"நான் சொல்றேன்," என்றார் எர்சிலியா. "அதை மூடச் சொன்ன உத்தரவை டைப் அடிச்சதே நான்தான். உயிருக்குப் பயந்து வாயைத் திறக்கலை."

ரமிரோ அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறினார்.

"முப்பது வருஷம்," என்றாள் நிகாசியா.

"ஆமா."

"வா. காட்டு."

இருவரும் கரும்புக் காட்டுக்குள் நடந்தார்கள். கோர்ட்டே பின்னால் போனது. ஆலைக் காவலாளிகள் துப்பாக்கியோடு வழிமறித்தபோது எர்சிலியா நிற்கவில்லை. "என்னைச் சுட்டா அதையும் யாராவது எழுதுவாங்கடா," என்று விலக்கிக்கொண்டு போனார்.

நான்கு நாள் தோண்டினார்கள். மூன்று பேரும் கிடைத்தார்கள். பெல்ட் கொக்கியை வைத்து நிகாசியா தன் புருஷனை அடையாளம் சொன்னாள். டான் எவாரிஸ்தோவைப் போலீஸ் கூட்டிப்போனது.

நிகாசியா அதன்பின் எர்சிலியாவோடு பேசவில்லை. எர்சிலியா மன்னிப்புக் கேட்டு நிற்கவும் இல்லை. மறுபதிப்பில் முதலாளியின் உண்மைப் பெயரைப் போட்டார். உத்தரவைத் தட்டச்சு செய்த பெண்ணின் பெயரையும்.