இடது கண்

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அவளுக்குப் படம் எடுப்பதில் பைத்தியம். இருபது வருடப் பைத்தியம். வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் உற்றார் உறவினர் எல்லாரும் இருப்பார்கள், அவளைத் தவிர. அப்பேர்ப்பட்டவள் ட்ரோன் ஓட்டும் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். மைதானத்தில் இரண்டு கூம்புகளை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடச் சொன்னார்கள். ட்ரோன் இரண்டாவது கூம்பைத் தாண்டி வேலிப் பக்கம் போய்விட்டது.

எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவள் அவள். இன்னொரு முறை தவறினால் பயிற்சியையே முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாலங்களின் அடியில் விழுந்த விரிசல்களைப் படமெடுக்கும் வேலை தருவதாகச் சொன்ன பொறியாளர் அதுவரை காத்திருப்பாரா? வீட்டுக்கு வந்து அழுதாள்.

கோளாறைக் கண்டுபிடித்தவள் கண் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நாத்தனார். வேலிக்கு வெளியே நின்று தானே எடுத்த வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி, ஒரு கண்ண மூடிக்கிட்டு ஓட்டியிருக்கீங்க!"

"போடி. நான் எதுக்கு மூடப்போறேன்?"

"நீங்களே பாருங்க."

பார்த்தாள். ட்ரோன் மேலே ஏறியதுமே இடது கண் தானாக மூடிக்கொண்டது, கேமராவில் கண் வைத்த மாதிரி. இருபது வருடப் பழக்கம் லேசில் விடுமா?

"ஒத்தக் கண்ணால பார்த்தா எது கிட்ட, எது தூரம்னு எப்படித் தெரியும்?" என்ற நாத்தனார், மறுநாளே மருத்துவமனை பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, இடது இமைக்கு மேலே புருவத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டாள். கண்ணை இறுக்கினால் சுருக்கென்று இழுக்கும். ஒரு மாதம் அந்தக் கோலத்தில்தான் பயிற்சி. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வீட்டில் சண்டையா என்று துக்கம் விசாரித்தார்கள்.

தேர்வு நாளில் அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகத்துல என்னம்மா?"

"பிளாஸ்திரி சார். கண்ண மூடாம இருக்கறதுக்கு."

"எடுத்துடுங்க. நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல எல்லாம் ஒட்டிக்கிட்டா போவீங்க?"

நியாயமான கேள்விதான். எடுத்தாள். ட்ரோன் எழும்பியது, முதல் கூம்பைச் சுற்றி வளைந்தது. மாலை வெயில் இறக்கைகளில் பட்டு மின்னியபோது, எவ்வளவு அழகான படம் என்று மனசு அடித்துக்கொண்டது. இடது இமை துடித்தது. அவள் பல்லைக் கடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டதுபோல் இரண்டு கண்ணையும் அகலத் திறந்தே வைத்திருந்தாள். காற்றில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. இரண்டாவது கூம்பை ஒட்டி அழகாகத் திரும்பிய ட்ரோன், எட்டை முடித்து, புறப்பட்ட வட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

"பாஸ்," என்றார் அதிகாரி. வேலிக்கு வெளியே நாத்தனார் போட்ட விசிலில் தேர்வுக்கு வந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சான்றிதழ் அட்டைக்கு அலுவலகத்திலேயே படம் எடுத்தார்கள். அட்டை கைக்கு வந்ததும் வீட்டில் கணவர் வாங்கிப் பார்த்தார்.

"என்ன இது, பேயப் பார்த்த மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கற? இன்னொரு நல்ல படம் எடுக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"இதவிட நல்ல படம் என்கிட்ட இல்ல," என்றாள் அவள். "ரெண்டு கண்ணும் திறந்திருக்கு பாருங்க."

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்த அட்டையைத் தானே செருகி வைத்தாள்.