மழைச் சட்டை

"ரெண்டு பசங்களோட நட்புக் கதைப்பா" என்று சொல்லித்தான் மகன் அப்பாவிடம் தான் இயக்கும் படத்துக்கு உடை தைத்து வாங்கியிருந்தான். கையைக் கடிக்கிற படம். தையற்காரரான அப்பாவை விட்டால் வேறு நாதியில்லை. அது பதினேழு வயதில் தனக்கே வந்த காதல் என்பதை மட்டும் மூச்சு விடவில்லை.

இன்று முதல் காட்சி. அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். மகன் கதவோரம் நின்றான். திரையில், மழையில் நனைந்த குள்ளப் பையனுக்கு நெட்டைப் பையன் தன் சட்டையைப் போட்டுவிட்டு, "உன்னைப் பிடிச்சிருக்குடா" என்றான். இனி எதை மறைக்க?

விளக்கு எரிந்ததும் அப்பா விறுவிறுவென்று வந்தார். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"நெட்டையன் சட்டை குள்ளனுக்கு எப்படிடா அவ்வளவு கச்சிதமா இருக்கு?"

"நீங்கதானேப்பா பிடிச்சுத் தச்சீங்க..."

"நட்புன்னியே, குள்ளனோட சொந்தச் சட்டைன்னு நெனச்சேன்! காதல்னு சொல்லியிருந்தா தோள் இறங்கித் தொங்க விட்டிருப்பேன். என் தொழிலையே கெடுத்துட்டியே!"

கோபம் அவ்வளவுதானா? மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா குரலைத் தணித்துக்கொண்டார்.

"பதினேழு வயசுல அன்னிக்கு மழையில நீ போட்டுட்டு வந்த சட்டை உனக்கு ரெண்டு அளவு பெருசுடா. தையக்காரன் கண்ணுக்குத் தெரியாதா?"